பஸ்ஸு ஃப்ரீ, பன்னு ஃப்ரீ இல்லை

சிக்கனமா இருக்கணும்னு ஒரு வீட்டுல முடிவெடுத்தா, முதல் வெட்டு யார் தட்டுல விழுதுன்னு கவனிச்சிருக்கியா கண்ணு? வீட்டுக்காரரோட பீடிக்கட்டு தப்பிச்சுடும். பையனோட ரீசார்ஜ் தப்பிச்சுடும். "எனக்கு முட்டை பிடிக்காது, நீங்க சாப்பிடுங்க"ன்னு சொல்ற பொம்பளைகிட்டதான் வந்து நிக்கும். அதனால எதை நிறுத்தலாம்னு பேசறதுக்கு முன்னாடி, எதைத் தொடவே கூடாதுன்னு சொல்லிடறேன்: முட்டை, பால், பருப்பு, மாத்திரை, நாப்கின். இதுல கை வெச்சு மிச்சம் பிடிச்ச காசு, ரத்தம் குறைஞ்சு போச்சுன்னு ஆஸ்பத்திரியில போய் உட்கார்ற அன்னைக்கு வட்டியோட வெளிய போயிடும்.

ஆனா இதே சாமானைக் கம்மி விலைக்கு வாங்க வழி இருக்கு. கவர்ன்மென்ட்டோட மலிவு மருந்துக்கடை ஜன் ஔஷதியில சுவிதா நாப்கின் ஒண்ணு 1 ரூபாய்தான். 2019 ஆகஸ்ட்லேர்ந்து அந்த விலை. நம்ம பெட்டிக்கடையில தொங்கற பாக்கெட்டைப் பிரிச்சு ஒண்ணுக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுப் பாரு, புரியும். டவுனுக்குப் போறப்ப நாலஞ்சு மாசத்துக்குச் சேர்த்து வாங்கி டிரங்குப் பெட்டியில போட்டு வை, கெட்டா போகப் போகுது? சர்க்கரைக்கும் பி.பி.க்கும் தினம் மாத்திரை போடறவங்க வீட்டுல இருந்தா, அந்த மருந்துச் சீட்டை அதே கடையில காட்டு. கம்பெனிப் பேர்தான் வேற, உள்ள இருக்கற மருந்து அதுவேதான். மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ.

பால் விஷயத்துல 2025 ஏப்ரல் 1ஆம் தேதி நம்ம கர்நாடகாவோட நந்தினி லிட்டருக்கு 4 ரூபாய் ஏத்தினதும் நிறைய வீட்டுல பாக்கெட்டைக் குறைச்சாங்க. குறைக்கறதா இருந்தா பெரியவங்களோட மூணாவது டீயைக் குறை, குழந்தையோட டம்ளரைக் குறைக்காதே. கவர்ன்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு 2013லேர்ந்து க்ஷீரபாக்யா பால் இருக்கு, முட்டையும் போடறாங்க. அப்போ வீட்டுல முட்டை கட்டாயம் வேணுங்கறது எந்த நாள்ல? ஸ்கூல் லீவு நாள்ல. நாமளோ லீவு விட்டதும் முட்டையை விட்டுட்டு சிப்ஸ் பாக்கெட் வாங்கித் தர்றோம்.

சரி, இனி நிறுத்த வேண்டியது.

நம்ம கௌதள்ளி எங்க இருக்கு? கொள்ளேகால்லேர்ந்து ஹனூர் வழியா மாதேஸ்வரன் மலைக்குப் போற ரோட்டு மேல. அமாவாசைன்னா வண்டி வரிசை, சிவராத்திரி, யுகாதி, தீபாவளின்னா நடந்து போறவங்க கூட்டம். ரோட்டோரத்துல இருக்கற பேக்கரி, கூல்டிரிங்ஸ், தண்ணி பாட்டில், பஜ்ஜி எல்லாமே வழியில போறவனை நம்பி வெச்ச கடைங்க. அவன் வருஷத்துக்கு ஒருதரமோ ரெண்டுதரமோ வர்றான், பசிக்கு விலை பார்க்காம வாங்கறான், போயிடறான். அது தப்பே இல்லை. ஊருக்குள்ள குடியிருக்கற நாம தினமும் வழிப்போக்கன் மாதிரி வாங்கறோம் பாரு, அதுலதான் பணம் போகுது. வீட்டுல அடுப்பு இருக்கு, பானையில தண்ணி இருக்கு, ஆனா செலவு மட்டும் யாத்திரைக்காரன் செலவு. நான் விடச் சொல்றது இந்த ஒரு வகைச் செலவைத்தான்.

பேக்கரியிலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா கண்ணுக்குத் தெரியாம அதிகம் கரையறது அங்கதான். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கண்ணாடி அலமாரிக்குப் பின்னாடி காரா பன், பப்ஸ், தில்பசந்த், நிப்பட்டு எல்லாம் வரிசையா உட்கார்ந்திருக்கும். ரெண்டு பிள்ளைங்க, ஒரு அம்மா, ஆளுக்கு ஒண்ணு, ஒரு டீ, 60 ரூபாய். மாசத்துல 25 நாள்னா 1,500. குடும்பத் தலைவிக்குக் கவர்ன்மென்ட் மாசாமாசம் தர்ற கிருஹலட்சுமி 2,000 ரூபாய்ல முக்கால்வாசி கண்ணாடி அலமாரிக்குள்ள போயிடுச்சு. அந்தப் பணம் 2023 ஆகஸ்ட் 30ஆம் தேதி மைசூர்ல ஆரம்பிச்சப்ப எத்தனை பேர் எத்தனை திட்டம் போட்டிருப்பாங்க, நினைச்சுப் பாரு.

பேக்கரிப் பக்கமே போகாதேன்னு நான் சொல்லலை. சொன்னா நீ கேக்கவும் மாட்டே. வாரத்துல ஒரு நாள்னு வெச்சுக்கோ, அந்த நாளைப் பிள்ளைங்களே தேர்ந்தெடுக்கட்டும். மத்த நாளைக்கு அதே ருசியை வீட்டுல பண்ணு. பேக்கரியில விக்கற காங்கிரஸ் கடலையைப் பண்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. நிலக்கடலையை மிதமான தீயில வறுத்து, சூடு ஆறினதும் கையால தேய்ச்சு, முறத்துல புடைச்சுத் தோலைத் தள்ளு. பருப்பு தானா ரெண்டாப் பிளந்துக்கும். வாணலியில ரெண்டு ஸ்பூன் எண்ணெய், கறிவேப்பிலை, பெருங்காயம். கறிவேப்பிலை மொறுமொறுன்னு ஆனதும் அடுப்பை அணைச்சுடு. அணைச்சப்புறம்தான் மஞ்சத்தூள், மிளகாய்த்தூள், மிளகுத்தூள், உப்பு போடணும். தீ எரியறப்பவே போட்டா மிளகாய்த்தூள் கருகி வீடு முழுக்கத் தும்மல்தான். அந்தச் சூட்டுலயே கடலையைக் கொட்டிப் பிரட்டி எடு. டப்பாவுல போட்டு இறுக மூடி வெச்சா ஒரு வாரம் நமுத்துப் போகாது.

நம்ம பக்கம் ராகிக்கு என்ன பஞ்சம்? களிக்கு மட்டும்தான் ராகின்னு நினைக்காதே. கன்னடத்துக்காரங்க ஹுரிஹிட்டு பண்ணுவாங்களே, ராகியைப் பொரிச்சு அரைச்ச மாவு, அதுல வெல்லத்தூள், கொஞ்சம் தேங்காய்த் துருவல், ஒரு கை பால் தெளிச்சுப் பிசைஞ்சு கொடு. ஸ்கூல் விட்டு வந்த பசிக்கு அது நிக்கும், பப்ஸ் நிக்காது.

தண்ணி பாட்டில் பத்திச் சுருக்கமா சொல்றேன். லிட்டர் 20 ரூபாய் பக்கம். பஞ்சாயத்து வெச்ச சுத்திகரிப்பு மெஷின்ல பல ஊர்ல 5 ரூபாய் காயினுக்கு 20 லிட்டர் கேன் நிறையும். கிளம்பறப்ப ஒரு ஸ்டீல் பாட்டிலை நிரப்பிப் பையில வை. இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்லை.

சாஷே விஷயத்துல மட்டும் நான் எல்லாரும் சொல்றதுக்கு எதிரா சொல்லப் போறேன். "சின்னப் பாக்கெட் வாங்கினா நஷ்டம், பெரிசா வாங்கு"ன்னு பெரியவங்க சொல்வாங்க. எண்ணெய், பருப்பு, சோப்புத்தூளுக்கு அது பெரும்பாலும் சரி. ஷாம்புவுக்கு நம்ம நாட்டுல தலைகீழ். 1 ரூபாய் சாஷேயில இருக்கற மில்லியைப் பாரு, பெரிய பாட்டில்ல மில்லிக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாரு. நிறைய பிராண்டுல சாஷேதான் மலிவு. காரணம் போட்டி. கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைப் பாக்கெட்டுல அடைச்சு விக்கற வழியைக் காட்டினார். அவரோட மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல சிக் ஷாம்புவை ஆரம்பிச்சு ஊர் ஊராக் கொண்டு போனார். அதுக்கப்புறம் பெரிய கம்பெனிங்களும் அந்த விலையில இறங்கி நிக்க வேண்டியதாப் போச்சு. அதோட, பாட்டில் இருந்தா கை தாராளமாக் கவிழ்க்கும். சாஷேன்னா அளவு அதுவே சொல்லிடும், ரெண்டு பேர் தலைக்கு ஒண்ணைப் பிரிச்சுக்கற வீடும் உண்டு. குப்பைதான் பெரிய தொல்லை, அதை மறுக்கலை. வாரத்துல ஒரு தலைக்குளியலுக்காவது சீயக்காய் போடு. மலைக்காட்டுல சோளிகர் பழங்குடி மக்கள் பொறுக்கிட்டு வர்ற சீயக்காய் இங்க கிடைக்கற மாதிரி மைசூர்ல கூடக் கிடைக்காது.

பேச்சோட பேச்சா இன்னொண்ணு. சோளிகப் பொம்பளைங்க ஈச்ச ஓலைச் சீமாறு கட்டி எடுத்துட்டு வந்தா அவங்ககிட்ட மட்டும் பேரம் பேசாதே. காட்டுக்குள்ள போய் அறுத்து, காய வெச்சு, கட்டி, சுமந்து வந்த விலை அது. ஷோரூம்ல வாயே திறக்காம பில் கட்டற நாம சீமாறுக்கு 5 ரூபாய் குறைக்கச் சொல்லி நிக்கறது எனக்குப் பிடிக்கறதில்லை. அந்தச் சீமாறு பிளாஸ்டிக் துடைப்பத்தை விட வாசலுக்கு நல்லா உழைக்கும்.

ஷாம்பு, சோப்பு, பற்பசை, தலை எண்ணெய்க்கெல்லாம் 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஜி.எஸ்.டி. 18லேர்ந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. குறைஞ்ச விலைதான் பாக்கெட்ல அச்சாகியிருக்கான்னு பார்த்து வாங்கு. பாக்கெட்டைத் திருப்பினா கிராமுக்கு எவ்வளவு, மில்லிக்கு எவ்வளவுன்னும் பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. கடையில நின்னு அதைப் படிக்க வெக்கப்படாதே.

இப்ப பஸ்ஸுக்கு வர்றேன். 2023 ஜூன் 11லேர்ந்து சக்தி திட்டம், கவர்ன்மென்ட் பஸ்ல நம்ம பொம்பளைங்களுக்கெல்லாம் சீரோ டிக்கெட். நல்ல திட்டம், யாரு என்ன கேலி பண்ணினாலும் பண்ணட்டும். ஆம்பளைங்களுக்கு 2025 ஜனவரி 5ஆம் தேதி டிக்கெட் 15 சதவீதம் ஏறினதுக்கப்புறம், கொள்ளேகால்ல ஒரு வேலைன்னா வீட்டுல யாரு போறது லாபம்னு சொல்லவே வேண்டாம். பேங்க், தாலுகா ஆபீஸ், உர மூட்டைக்கு முன்பணம் எல்லாத்துக்கும் நீயே போ. ஆதார்ல கர்நாடக அட்ரஸ் இருக்கணும், கார்டைப் பையில வெச்சுக்கோ.

ஆனா ஒண்ணு கவனி. டிக்கெட் காசு கொடுத்த காலத்துல மாசத்துக்கு ஒருதரம்தான் டவுனுக்குப் போனோம், போனா பட்டியல் எழுதி எடுத்துட்டுப் போனோம். டிக்கெட் சீரோ ஆனதும் பட்டியலும் சீரோ ஆயிடுச்சு. "சும்மா போயிட்டு வரலாம் வாக்கா"ன்னு கூப்பிடறாங்க. சும்மா போனவ எவளாவது சும்மா வந்திருக்காளா? ஸ்டாண்டுல இறங்கினதும் ஒரு ஜூஸ், ஒரு மசால் தோசை, பேன்ஸி கடையில கிளிப், "வந்ததுக்கு" ஒரு நைட்டி. மிச்சமான டிக்கெட் காசை விட நாலு மடங்கு அங்க வெச்சுட்டுத் திரும்பறோம். அதனால பழைய வழக்கத்தையே பிடிச்சுக்கோ. அடுப்படி சுவத்துல ஒரு காலண்டர் தாளை மாட்டி, டவுன்ல வாங்க வேண்டியதை அப்பப்ப எழுது. பத்து வேலை சேர்ந்தப்புறம் கிளம்பு. சோறு கட்டிட்டுப் போ. பட்டியல்ல இல்லாத சாமான் கண்ணுல பட்டா வாங்காதே, வீட்டுக்கு வந்து தாள்ல எழுது. அடுத்த தடவை போறப்பவும் அது வேணும்னு தோணினா வாங்கு. பாதி சாமான் தானா அடிபட்டுப் போகும்.

நம்ம பாதிப்பேருக்கு உறவு தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தாண்டை இருக்கு, மேட்டூர், கொளத்தூர், அந்தியூர்ப் பக்கம். 1956 வரைக்கும் கொள்ளேகால் கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்தது, அப்புறம் மைசூர் ஜில்லா, 1997லேர்ந்து சாமராஜநகர். கோடு மாறினாலும் சீர்வரிசை மாறலையே! எல்லை தாண்டற பஸ்ல ஏறும்போது சீரோ டிக்கெட் எதுவரைக்கும்னு கண்டக்டர்கிட்ட முதல்லயே கேட்டுக்கோ. அந்தப் பக்கம் சாதா டவுன் பஸ்ல தமிழ்நாட்டுலயும் பொம்பளைங்களுக்கு 2021 மே மாசத்துலேர்ந்து இலவசம். அங்க நடக்கற ஒவ்வொரு விசேஷத்துக்கும் புதுச்சேலை வேணும்னு நினைக்காதே. அக்கா தங்கச்சிங்க நாம நாலு பேரும் சேலையை மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டா யாரு கேக்கப் போறா? அந்தியூர்ல பார்த்தவங்க ஹனூர்ல வந்து பார்க்கப் போறதில்லை.

ரீசார்ஜ். 2024 ஜூலையில பெரிய தனியார் கம்பெனிங்க எல்லாம் ஏத்தினதுலேர்ந்து இது ஒரு மளிகைச் செலவு மாதிரி ஆயிடுச்சு. 28 நாள் பிளான்னா வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை கட்டறோம். வீட்டுல அஞ்சு போன் இருந்தா அஞ்சுக்கும் தினம் ரெண்டு ஜி.பி. எதுக்கு? பட்டன் போன் வெச்சிருக்கற மாமியாருக்கு டேட்டா எதுக்கு? டேட்டா இல்லாம வெறும் பேச்சும் மெசேஜும் மட்டும் இருக்கற பிளான் கட்டாயம் கொடுக்கணும்னு டெலிகாம் ஆணையம் டிராய் 2024 டிசம்பர்ல சொல்லியிருக்கு. கம்பெனிங்களும் 84 நாள், ஒரு வருஷம்னு கொண்டு வந்தாங்க. ரீசார்ஜ் கடைக்காரர் தானா அதைச் சொல்ல மாட்டார், "பேச்சு மட்டும் இருக்கறது போடுங்க"ன்னு நீயே கேக்கணும். வயசானவங்க போனுக்கு முதல்ல அதைப் பண்ணு, அப்புறம் வீட்டுக்காரர் போனை என்ன பண்றதுன்னு யோசிக்கலாம்.

தோசை மாவு பாக்கெட்டை விடு. ரேஷன் அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். காசு உளுந்துக்கு மட்டும்தான். கிரைண்டர் ஓடற கரண்ட்டு கவர்ன்மென்ட்டோட இலவச கரண்ட்டுத் திட்டம் கிருஹஜோதியில போயிடும். ஆனா "கரண்ட்டு ஃப்ரீதானே"ன்னு இண்டக்‌ஷன் அடுப்பும் ஹீட்டர் ராடும் வாங்கி மாட்டாதே கண்ணு. 200 யூனிட்டும் எல்லாருக்கும் ஃப்ரீ இல்லை. உன் வீட்டோட பழைய சராசரிக்கு மேல கொஞ்சம் சேர்த்து ஒரு அளவு வெச்சிருக்காங்க, அது வரைக்கும்தான் ஃப்ரீ. அதைத் தாண்டினா தாண்டின யூனிட்டுக்குக் கட்டணும். 200ஐயே தாண்டிட்டா மொத்த பில்லும் உன் தலையில. பில் வந்ததும் உன் அளவு எத்தனைன்னு பார்த்து ஒரு சாக்பீஸ்ல மீட்டர் பலகைக்குப் பக்கத்துல எழுதி வை.

இனி சொல்லப் போறதுதான் எல்லாத்தையும் விடப் பெரிசு. தவணையில சாமான் வாங்காதே. பன்னையும் பாட்டிலையும் விட்டு மாசம் ஆயிரம் மிச்சம் பண்ணி, அதைக் கொண்டு போய் வாசலுக்கு வர்றவன் கையில கொடுத்துட்டா என்ன பிரயோஜனம்? 10,000 ரூபாய் சாமான், மாசம் 1,000 வீதம் 12 மாசம். "2,000தானே அதிகம், 20 பர்சென்ட்"னு சொல்வாங்க. கடைசி மாசம் உன்மேல இருக்கறது 1,000 ரூபாய் கடன்தான், ஆனா வட்டி போட்டது முழு 10,000க்கு. சரியாக் கணக்குப் பார்த்தா வருஷத்துக்கு 35 பர்சென்ட் பக்கம் வருது. அடகுக் கடைக்காரனே யோசிப்பான். ஒரு தவணைக்கு இன்னொரு சங்கத்துல எடுக்கறது, அந்த வாரக் கட்டுக்கு மூணாவது இடம்னு போய், 2025 ஜனவரியில நம்ம சாமராஜநகர் மாவட்டத்துலயே மைக்ரோ ஃபைனான்ஸ்காரங்க தொல்லை தாங்காம வீட்டைப் பூட்டிட்டுப் போன குடும்பங்களைப் பேப்பர்ல பார்த்தோம். அதுக்கப்புறம் பிப்ரவரியில அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. மிரட்டி வசூல் பண்ணினா 10 வருஷம் வரைக்கும் ஜெயில். ராத்திரி வாசல்ல வந்து நின்னு சத்தம் போட்டா பயந்துக்கிட்டு உள்ள ஒளியாதே, போலீஸுக்குச் சொல்லு. மிக்ஸி வேணும்னா மூணு மாசம் அம்மிக்கல்லுல அரைச்சுக்கிட்டுச் சேர்த்து வாங்கு. கை வலிக்கும்தான், அந்த வலிக்கு வட்டி கிடையாது.

பூவை நிறுத்தணுமான்னு நீ கேப்பேன்னு தெரியும். வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு முழம் மல்லி வாங்கு. வீட்டுல யாருக்கும் பிரியம் இல்லாத செலவு எத்தனையோ ஓடிட்டிருக்கு, யாரும் பார்க்காத கேபிள் பேக், யாரும் குடிக்காம மூலையில கிடக்கற ஹெல்த் டிரிங்க் டப்பா, மூணாவது சிம். அதையெல்லாம் வெட்டு. பிரியமா வாங்கற பூவை வெட்டினா அடுத்த மாசமே சிக்கனம் மேல வெறுப்பு வந்து மொத்தத்தையும் கைவிட்டுடுவே.

விட்ட செலவு தனியா ஒரு இடத்துல சேராட்டி அது மிச்சமே இல்லை, வேற வழியில போயிருக்கும். அதனால பன் வாங்காத அன்னைக்கே அந்த 60 ரூபாயைத் தனி டப்பாவுல போடு. அரிசிப் பானை வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். மாசம் 500 சேர்ந்தாலே தபால் ஆபீஸ்ல ஆர்.டி. போடலாம், மாசம் 100லேர்ந்தே எடுத்துக்கறாங்க. இப்ப இருக்கற 6.7 சதவீத வட்டிக்கு, மாசம் 500 கட்டினா 5 வருஷத்துல நீ போட்டது 30,000, கையில வர்றது 35,683. 12 மாசம் விடாம கட்டினா அவசரத்துக்கு அதுல பாதி வரைக்கும் கடனும் கிடைக்கும், வாசல்ல யாரும் வந்து நிக்க மாட்டாங்க. கணக்கைத் தேதி 1லேர்ந்து 15க்குள்ள ஆரம்பிச்சா ஒவ்வொரு மாசமும் 15க்குள்ள கட்டணும், தவறினா 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். நாலு மாசம் தவறினா கணக்கு நின்னு போகும், ரெண்டு மாசத்துக்குள்ள போய்ப் பாக்கியைக் கட்டித் திரும்ப ஓட விடணும். கிருஹலட்சுமி பணம் சில சமயம் தள்ளித் தள்ளி வரும், ரெண்டு மாசத்துது சேர்ந்தும் வரும். அதை நம்பி ஆர்.டி. தொகையைப் பெரிசா வெச்சுடாதே. டப்பாவுல என்ன சேருதுன்னு ரெண்டு மாசம் பார்த்துட்டு, அதுல குறைஞ்ச மாசத்துத் தொகை எவ்வளவோ அதுக்குக் கணக்கு ஆரம்பி. போறப்ப ஆதார், பான் கார்டு ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ எடுத்துட்டுப் போ. நாமினி பேர் யாருங்கறதை வீட்டுலயே முடிவு பண்ணிட்டுக் கிளம்பு, கவுன்டர்ல நின்னு வீட்டுக்காரருக்குப் போன் போடாதே.